கையை விற்கும் மாதம்: மலாவிக் கிராமங்களில் பெண்களே தலைமை தாங்கும் வீடுகள்

#1 – சோம்பாக்காரன்

சென்ற வாரம் வேறோர் இழையில் ஒருவர், “ஆப்பிரிக்கக் கிராமத்துப் பெண்களின் பெயரில் நிலம் வந்துவிட்டால் பாதி வறுமை ஒழிந்துவிடும்” என்று எழுதியிருந்தார். அங்கே பதில் எழுதினால் பேச்சு திசைமாறிப் போகும். அதனால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

ஆப்பிரிக்கா முழுவதையும் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. 2009 முதல் 2014 வரை தெற்கு மலாவியில், சோம்பா நகரத்துக்கு வெளியே ஒரு தானியக் கிடங்கில் கணக்கு எழுதினேன். என் வாடகை வீட்டின் பின்புறம் ஒரு கிராமம். அந்த ஒன்றைப் பற்றித்தான் சொல்ல முடியும்.

அங்கே யாவோ, லோம்வே மக்கள். தாய்வழிச் சமூகம். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண்ணின் ஊருக்குக் குடிவருவார். நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மணமுறிவு ஏற்பட்டால் ஆண் தன் கொத்துக் கருவியையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஆக, நண்பர் கேட்ட நிலவுரிமை அங்கே யாரும் சட்டம் போட்டுக் கொடுக்காமலே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது.

இருந்தும் அந்த ஊரில் மிக ஏழையான வீடு எது என்று கேட்டால், குழந்தைகூட ஒரு பெண்ணின் வீட்டைத்தான் கைகாட்டும். என் கொல்லைக்கு அடுத்த வீடு அது. ஒரு பாட்டி, மகள் இறந்தபின் அவரிடம் வந்து சேர்ந்த நான்கு பேரப்பிள்ளைகள், ஒரு ஏக்கருக்குச் சற்றே குறைவான நிலம். வயதான பெண்களை ‘அகோகோ’ என்று கூப்பிடுவார்கள், நம் ‘பாட்டி’ போலத்தான். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

ஜனவரி மாதத்தில் அகோகோ விடியற்காலை ஐந்து மணிக்குக் கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். தன் வயலுக்கு அல்ல, இன்னொருவர் வயலுக்கு. பத்து, பதினொரு மணிவரை களை கொத்தினால் ஒரு தட்டு மக்காச்சோள மாவு. அந்த வேலைக்கு ‘கன்யூ’ என்று பெயர். அன்றைய அடுப்பு அதில்தான் எரியும். அந்த நேரத்தில் அவருடைய சொந்த மக்காச்சோளம் களைக்குள் மூழ்கி மஞ்சளாகிக்கொண்டிருக்கும். நான் பின்கதவைத் திறந்தால் தெரிவதே அந்த மஞ்சள்தான்.

நிலம் இருந்தது. நிலத்துக்குத் தேவைப்பட்ட மாதத்தில் கை மட்டும் அவருடையதாக இல்லை.

#2 – மண்வெட்டி

நானும் ஒரு ஏக்கர்க்காரன்தான், அதனால் கேட்கிறேன். பதினொரு மணிக்கு வேலை முடிகிறது என்றால் பிற்பகலில் சொந்த வயலைப் பார்க்கலாமே? எங்கள் ஊரில் கூலிக்குப் போகிற பெண்கள் அப்படித்தான் செய்கிறார்கள். குறை சொல்லவில்லை. எனக்குக் கணக்கு புரியவில்லை.

#3 – சோம்பாக்காரன்

நியாயமான கேள்வி, மண்வெட்டி. எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் தோன்றியது.

அங்கே மாடு கட்டி உழுவது மிகக் குறைவு. கையால் கொத்தி, முழங்கால் உயரத்துக்கு மண்ணை வரப்பு வரப்பாக ஏற்றி, அதன் மேல் விதைப்பார்கள். மழை நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ பிடித்தால் ஏப்ரல்வரை. வருடத்துக்கு அந்த ஒரே போகம். விதைத்த மூன்று நான்கு வாரத்துக்குள் முதல் களை எடுத்தாக வேண்டும். அதைத் தவறவிட்டால் பின்னால் எத்தனை நாள் உழைத்தாலும் ஈடாகாது. முதல் நாள் இரவு சாப்பிட்டதோடு விடியற்காலையில் போன உடம்பு அது. திரும்பி வந்து தண்ணீர் எடுத்து, விறகு பொறுக்கி, மாவைக் களி கிண்டிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது இரண்டு மணி. பிறகு அதே கொத்தை இன்னொரு முறை தூக்கச் சொல்கிறீர்கள்.

ஏற்கெனவே கிடங்கில் தானியம் உள்ளவர் இதே ஜனவரியில் ஆள் வைத்துக் களை எடுக்கிறார். அவருடைய வயல் நன்றாக விளைகிறது, ஏப்ரலில் அவருடைய கிடங்கு மறுபடி நிறைகிறது. அகோகோவுக்கு ஏப்ரலில் கிடைப்பது செப்டம்பர், அக்டோபர் வரை. நவம்பரில் பானை காலி. மறுபடி கன்யூ. இந்த ஜனவரியில் சாப்பிட்ட ஒரு தட்டு மாவுக்கு அடுத்த ஜனவரியில் பட்டினி கிடக்க வேண்டும். இது ஒரு வகைக் கடன். கொடுத்தவன் யார் என்று கைநீட்டிச் சொல்ல முடியாத கடன்.

ஆண் இருக்கிற வீட்டில் ஒருவர் கன்யூவுக்குப் போனால் இன்னொருவர் சொந்த வயலில் நிற்கலாம். வித்தியாசம் அந்த இன்னொரு ஜோடிக் கைதான்.

#4 – அல்லிக்கொடி

நான் செவிலியர். சிக்வாவாவில், ஷிரே ஆற்றின் தாழ்நிலத்தில், ஒரு மிஷன் மருத்துவமனையில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். சோம்பாக்காரர் வயலைப் பார்த்திருக்கிறார். நான் தராசைப் பார்த்தேன். குழந்தைகளைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசு.

பட்டினி அங்கே ஒரே நாளில் வருவதில்லை, படி இறங்கி வருகிறது. அவர்களுடைய அன்றாடச் சாப்பாடு ன்சிமா, நம் களிக்கு வெள்ளைத் தம்பி. நல்ல காலத்தில் தவிட்டை நீக்கி, ஊறவைத்து, உலர்த்தி இடித்த வெள்ளை மாவில்தான் செய்வார்கள், அதுதான் மரியாதை. தானியம் குறையத் தொடங்கினால் தவிட்டோடு சேர்த்து அரைத்த ‘ம்கைவா’ மாவுக்கு மாறுவார்கள். அளவு கூடும், அவ்வளவுதான். (சத்து அதில்தான் அதிகம் என்று நான் வகுப்பெடுத்திருக்கிறேன். ஒரு தாய் சிரித்துவிட்டு, “அப்படியானால் நீங்கள் ஏன் வெள்ளை மாவு வாங்குகிறீர்கள்?” என்று கேட்டாள். அதோடு அந்த வகுப்பை விட்டுவிட்டேன்.)

அடுத்த படியில் இரண்டு வேளை ஒன்றாகும். அதற்கும் கீழே ‘மடேயா’, அதாவது தவிடு மட்டும். சாதாரணக் காலத்தில் கோழிக்கும் பன்றிக்கும் போவது, ‘கச்சாசு’ சாராயம் காய்ச்சுகிறவர்கள் வாங்குவது. பஞ்ச மாதங்களில் அதற்கே விலை ஏறிவிடும். மாங்காய் முற்றுவதற்கு முன்பே பறித்து வேகவைப்பார்கள். தாழ்நிலத்தில் இன்னும் ஒன்று உண்டு: ‘நியிகா’, ஆற்றோரச் சதுப்பில் விளையும் அல்லிக் கிழங்கு. இடுப்பளவு தண்ணீரில் காலால் துழாவிப் பிடுங்க வேண்டும். ஷிரேயில் முதலை உண்டு. முதலை கடித்து வந்த ஒரு பெண்ணுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். என் பயனர் பெயர் அங்கிருந்து எடுத்ததுதான். இங்கே பலர் கவிதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜனவரி பாதியில் பூசணிக் கொடி தழைத்துவிட்டால் மருத்துவமனையிலேயே தெரியும். பூசணித் தளிரை நிலக்கடலைப் பொடி தூவிச் சமைப்பார்கள். கடலை இல்லாவிட்டால் வெறும் உப்பு. அது வந்துவிட்டால் தராசின் முள் சரிவது கொஞ்சம் நிற்கும்.

இன்னொன்று. சோம்பாக்காரர் சொன்ன தாய்வழி எங்கள் பக்கத்தில் எல்லா இடத்திலும் இல்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் சேனா மக்கள் தந்தைவழி. அங்கே பெண் புருஷன் ஊருக்குப் போகிறவள். அவன் இறந்துவிட்டால் அவனுடைய உறவினர் வந்து பாய், பானை, சைக்கிள், ஆடு என்று வாரிக்கொண்டு போவதை நான் கண்டிருக்கிறேன். 2011-ல் வந்த வாரிசுரிமைச் சட்டத்தின்படி அது குற்றம். ஆனால் புகார் கொடுக்க வேண்டியவள் அதே ஊரில், அதே கொழுந்தன் வீட்டுக்குப் பக்கத்தில் அல்லவா வாழ வேண்டும்?

#5 – வானவில்

படிக்கப் படிக்கக் கண் கலங்குகிறது. இந்தத் தாய்மார்களின் மன உறுதிக்குத் தலைவணங்குகிறேன். எந்த நிலையிலும் தளராத அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது ஏராளம்.

#6 – அல்லிக்கொடி

வானவில், கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர்கள் தளர்கிறார்கள். தளர்ந்து விழுந்தவர்களைத்தான் என் கட்டிலில் படுக்கவைத்தேன்.

‘எப்படியோ பிழைத்துக்கொள்கிறார்கள்’ என்று நாம் சொல்வதற்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். பதினான்கு பதினைந்து வயது மகளை ஒருவனுக்குக் கொடுத்துவிடுவதும் அதில் ஒன்று. ஒரு வாய் குறையும், அவன் கொஞ்சம் தானியமும் தரலாம். 2015-ல் திருமணச் சட்டம் வந்தது. 2017-ல் அரசியல் சட்டத்தையே திருத்திப் பதினெட்டு வயது என்று உறுதியாக்கினார்கள். நல்ல காரியம்தான், பல ஊர்த் தலைவிகளும் தலைவர்களும் அதை நடத்திக் காட்டவும் செய்தார்கள். ஆனால் பிப்ரவரி மாதத்தில் பானையைப் பார்த்து எடுக்கிற முடிவு அது. 2002 பஞ்சத்தில் ஒரு சிறிய மூட்டைத் தானியத்துக்காக எதையெல்லாம் விற்க நேர்ந்தது என்பதை மூத்த செவிலியர்கள் தணிந்த குரலில் சொல்வார்கள். எச்.ஐ.வி. பரவியிருந்த நாட்டில் அதற்கு என்ன விலை என்பதையும் அவர்களே சொல்வார்கள். உறுதி என்று நாம் மெச்சுவதில் ஒரு பகுதி, வேறு வழி இல்லாததுதான்.

#7 – எண்கணிதம்

இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன்.

‘பெண் தலைமைக் குடும்பம்’ என்பதை ஒரே பொட்டலமாகக் கட்டக் கூடாது. மலாவியில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் உள்ள குடும்பங்கள் இப்படிப் பதிவாகின்றன. அதற்குள் விதவை இருக்கிறாள், மணமுறிவு பெற்றவள் இருக்கிறாள், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி இருக்கிறாள், ஜோகன்னஸ்பர்க்கில் வேலை செய்யும் கணவன் மாதாமாதம் கைப்பேசி வழியே பணம் அனுப்புகிறவளும் இருக்கிறாள். கடைசியாகச் சொன்னவளின் வீட்டுக் கூரை தகரமாக இருக்கும், அவள் கன்யூவுக்கு ஆள் வைப்பவளாகக்கூட இருக்கலாம். எல்லாரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அகோகோ அதில் கரைந்துபோவார். 2019-20 கணக்கெடுப்பில் மலாவி மக்களில் 50.7 சதவீதம் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. பாதி நாடு ஏழையாக இருக்கும்போது, அந்தப் பாதிக்குள் யார் அடியில் கிடக்கிறார்கள் என்று தேட வேறு அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோலை ஓரளவு சரியாகப் பிடித்த திட்டம் ‘ம்துகுலா பக்கோமோ’. குடும்பத்தைத் தூக்கிவிடுவது என்று பொருள். 2006-ல் ம்சிஞ்சி மாவட்டத்தில் சோதனையாகத் தொடங்கி, பிறகு நாடெங்கும் போனது. பரம ஏழையாக இருந்தால் மட்டும் போதாது, வீட்டில் உழைக்கும் கை குறைவாகவும் இருக்க வேண்டும். உழைக்கும் வயதில் திடமான ஆள் யாரும் இல்லாத வீடு, அல்லது ஒருவர் மூன்று பேருக்கு மேல் சுமக்கும் வீடு. சோம்பாக்காரர் சொன்ன அதே ‘கை’ கணக்கு. பணம் குடும்பத்தின் அளவுக்கு ஏற்ப, பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாக.

ம்சிஞ்சிச் சோதனையை ஆராய்ந்தவர்கள் கண்டது சுவையானது: பணம் பெற்ற வீட்டார் கன்யூவுக்குப் போவது குறைந்தது, சொந்த நிலத்துக்குச் செலவிடுவது கூடியது.

#8 – மண்வெட்டி

இலவசமாகப் பணம் கொடுத்தால் வேலைக்குப் போக மாட்டார்கள் என்று எழுதத்தான் வந்தேன். தட்டச்சும் செய்துவிட்டேன். பிறகு எண்கணிதம் எழுதிய கடைசி வரியை இன்னொரு முறை படித்தேன்.

நூறு நாள் வேலை வந்தபிறகு களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று எங்கள் ஊர் டீக்கடையில் நான் புலம்பாத நாள் இல்லை. இந்தக் கதையில் நான் அகோகோ இல்லை போலிருக்கிறது. ஒரு தட்டு மாவுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிற ஆள். எழுதியதை அழித்துவிட்டேன்.

ஆனாலும் ஒரு சந்தேகம் பாக்கி. இவ்வளவு நல்ல திட்டம் என்றால் அகோகோவுக்கு ஏன் கிடைக்கவில்லை?

#9 – சோம்பாக்காரன்

முதல் காரணம், நான் இருந்த ஆண்டுகளில் திட்டம் எங்கள் பக்கத்துக்கு வந்திருக்கவில்லை. இரண்டாவது காரணம் வந்த இடங்களுக்கும் பொருந்தும்: அந்தந்தப் பகுதியில் பத்தில் ஒரு வீட்டுக்குத்தான் என்று அப்போது உச்சவரம்பு இருந்தது. நூறு வீட்டில் நாற்பது வீடு தகுதியோடு இருந்தாலும் பத்துதான். பதினோராவது வீட்டுப் பெண் பத்தாவது வீட்டுப் பெண்ணின் தங்கையாக இருப்பாள், ஒரே முற்றத்தில். கிராமத்தில் இது உண்டாக்கும் மனஸ்தாபத்தை ஒரு திட்ட அறிக்கையில் எழுத முடியாது.

உரத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன். 2005-06 முதல் அரசு மானியக் கூப்பன் கொடுத்தது: ஐம்பது கிலோ மூட்டை இரண்டு, ஒன்று அடியுரம், ஒன்று மேலுரம், கூடவே விதை. பட்டியலில் அகோகோவின் பெயர் இருந்தது. மூட்டையை வாங்கி வந்த அன்று மாலையே ஊர்த்தலைவர் வீட்டு முற்றத்தில் பங்கு நடந்தது. பட்டியலில் இல்லாதவர்களுக்கும் தட்டுத் தட்டாக அளந்து கொடுத்தார்கள். அகோகோவுக்கு மிஞ்சியது கால் மூட்டை. நான் கொதித்தேன். அவர் என்னை ஆறுதல்படுத்தினார்: “நாளைக்கு நான் செத்தால் குழி வெட்ட வருவது கூப்பனா, இவர்களா?”

இந்தப் பதிலை நான் பாராட்டுகிறேனா, நொந்துகொள்கிறேனா என்று எனக்கே இன்றுவரை தெரியவில்லை. தாய்வழி ஊரில் அக்கா தங்கைகள் ஒரே இடத்தில் வீடு கட்டி வாழ்வார்கள், ‘ம்பும்பா’ என்பார்கள். உப்பு, நெருப்பு, பிள்ளை பார்த்துக்கொள்வது, காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி எல்லாம் அங்கிருந்துதான். ஆனால் மழை பொய்த்தால் எல்லார் வீட்டுப் பானையும் ஒரே மாதத்தில் காலியாகிறது. கடன் கேட்கப் போன வீட்டிலும் அதே கடன் கேட்க ஆள் கிளம்பிக்கொண்டிருப்பார். அப்போது மிஞ்சுவது ‘கட்டபிலா’க்காரர். அங்கே ஒன்று வாங்கினால் ஒன்றரை, சில சமயம் இரண்டு, அதுவும் ஓரிரு மாதத்தில். பணம் இல்லாவிட்டால் வயலில் நிற்கும் பச்சைக் கதிரையே எழுதிக் கொடுப்பார்கள். அறுவடைக்கு முன்பே விளைச்சல் வேறொருவனுடையது.

#10 – வானவில்

அல்லிக்கொடி அக்கா, கோபம் இல்லை. சரியாகத்தான் சொன்னீர்கள். ஒன்று கேட்கலாமா? நம் மகளிர் சுய உதவிக் குழு போல அங்கே எதுவும் இல்லையா?

#11 – அல்லிக்கொடி

உண்டு, தங்கை. நன்றாகவே உண்டு. ‘பேங்க் ங்கொண்டே’ என்பார்கள், அதாவது திண்ணை வங்கி. இந்த வடிவத்தில் சேமிப்புக் குழுக்களைக் கேர் என்ற தொண்டு நிறுவனம் 1991-ல் நைஜர் நாட்டின் மராடிப் பகுதியில் தொடங்கியது. அங்கிருந்து கண்டம் முழுவதும் பரவியது. நம் குழுக்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு: இங்கே வெளி வங்கி கிடையாது. தங்கள் பணம், தங்களுக்குள் கடன், தங்களுக்குள் வட்டி. வட்டி மாதத்துக்குப் பத்து, இருபது சதவீதம்கூட இருக்கும். கேட்டால் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் வருடக் கடைசியில் அந்த வட்டியே அவர்களுக்குள் பிரிந்து திரும்பி வருகிறது.

ஒரு தகரப் பெட்டி. மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பெண்களிடம், பெட்டி நாலாவது பெண்ணின் வீட்டில். எண்ணும்போது எல்லாரும் சத்தமாகச் சேர்ந்து எண்ணுவார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கணக்கை மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக. நான் பார்த்த குழுக்கள் டிசம்பரில் பெட்டியை உடைத்துப் பிரித்துக்கொண்டன. கிறிஸ்துமஸுக்கு என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். உண்மையில் அது உரத்துக்கும் ஜனவரிக்கும்.

ஆனால் வாராவாரம் ஒரு பங்காவது போட முடிந்தவள்தான் குழுவில் சேர முடியும். மண்டாசி சுடுகிறவள் (எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை), தக்காளி அடுக்கி விற்கிறவள், வாழைப்பழ வடை போடுகிறவள், இவர்கள் சேருவார்கள். ஒரு தட்டு மாவுக் கூலியில் வாழ்கிறவளைச் சேர்த்துக்கொள்ளத் தயங்குவார்கள். கொடுமை என்று சொல்ல மாட்டேன். அவள் கட்டாமல் போனால் பெட்டி அழியும்.

#12 – தராசு

இழையை மூன்று நாளாகப் படித்து வருகிறேன். நான் விருதுநகர்ப் பக்கம் பருப்பு வியாபாரம். அந்தப் பாட்டி வயலில் மக்காச்சோளம் மட்டும்தானா? துவரை உண்டா? மலாவித் துவரை இங்கே வருகிறது, அதனால் கேட்கிறேன்.

#13 – சோம்பாக்காரன்

தராசு ஐயா, நீங்கள் வருவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. உண்டு. ‘நன்டோலோ’ என்பார்கள். தெற்கு மலாவியில் மக்காச்சோள வரிசைக்கு நடுவிலேயே துவரையையும் ஊன்றிவிடுவார்கள். உரம் கேட்காது, வறட்சி தாங்கும், ஏப்ரலில் மக்காச்சோளத்தை ஒடித்த பிறகும் நின்று ஜூலை, ஆகஸ்டில் காய்க்கும். கன்யூவுக்குப் போன மாதத்தில் கவனிக்காமல் விட்டாலும் அது பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. கை குறைந்த வீட்டுக்கென்றே படைத்த பயிர். அகோகோவின் கையில் காசாகத் தங்கிய ஒரே பொருள் அதுதான். பள்ளிச் சீருடை, சோப்பு, உப்பு எல்லாம் துவரையில். (ஆரம்பப் பள்ளிக்கு 1994 முதல் கட்டணம் இல்லை, ஆனால் நோட்டுப் புத்தகமும் சட்டையும் இலவசம் இல்லை.)

#14 – தராசு

அப்படியானால் ஒன்று சொல்ல வேண்டும். 2016-ல் இங்கே துவரை விலை ஏறிக் கிடந்தது, வெளிநாட்டுச் சரக்கை எல்லாரும் தேடித் தேடி வாங்கினோம். அடுத்த ஆண்டு இங்கேயே அமோக விளைச்சல். 2017 ஆகஸ்டில் துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் என்று இந்திய அரசு வரம்பு கட்டியது. நம் விவசாயியைக் காப்பாற்றத்தான். அப்போது அது சரி என்றே பேசினோம், இப்போதும் தவறு என்று சொல்ல வரவில்லை. மொசாம்பிக், மலாவியில் விலை தலைகீழாக விழுந்தது என்று ஏஜெண்டுகள் சொன்னார்கள். நாங்கள் அதைச் சந்தைச் செய்தியாகக் கேட்டுவிட்டுப் போனோம். பிறகு 2021-ல் மலாவியோடு ஆண்டுக்கு 50,000 டன் வாங்குவதாக ஒப்பந்தம் ஆனது.

அந்தப் பாட்டியின் சோப்புக் காசும் இதில் இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

#15 – மண்வெட்டி

தராசு அண்ணாச்சி, அந்த வருடம் எங்களுக்கும் விலை விழுந்ததுதான். வரம்பு கட்டியும் விழுந்தது.

#16 – சோம்பாக்காரன்

தராசு ஐயா மனம் திறந்து எழுதியதால் நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இழையைத் தொடங்கியபோது இதைச் சொல்லும் எண்ணம் இல்லை.

நான் கணக்கு எழுதிய கிடங்கு மே மாதத்தில் மக்காச்சோளம் வாங்கும். அப்போது விலை தரையில் கிடக்கும். கடன், சோப்பு, மருந்து என்று எல்லாருக்கும் காசு தேவை. அகோகோவும் தலையில் ஒரு மூட்டை சுமந்து வந்து விற்றிருக்கிறார். எடை போட்டது எங்கள் ஆள். அதே தானியம் ஜனவரியில் அதே வாசலில் இரண்டு மடங்கு, கெட்ட வருடத்தில் அதற்கும் மேல். அவரால் மூட்டையாக வாங்க முடியாது. தட்டுக் கணக்கில் சந்தையில் வாங்குவார், அதில் இன்னொருவர் லாபம். அந்த இரண்டு விலைகளையும் ஒரே பேரேட்டில், ஒரே பேனாவால் எழுதியவன் நான். யாரும் திருடவில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அகோகோ மே மாதத்தில் ஏன் விற்றார் என்று அப்போது எரிச்சலாக இருந்தது. “ஜனவரிவரை வைத்திருங்கள்” என்று புத்தியும் சொன்னேன். வண்டு அரிக்கும், பிள்ளைக்கு மலேரியா வரும், கட்டபிலாக்காரன் வாசலில் நிற்பான். காத்திருப்பது என்பது காசுள்ளவன் செய்யும் தொழில்.

#17 – பழைய ஏடு

தாமதமாக வருகிறேன். 1949 பஞ்சத்தை யாரும் குறிப்பிடவில்லையே. நாடு அப்போது நியாசாலாந்து. மழை பொய்த்தது, பிளான்டயரைச் சுற்றிய கிராமங்களில் பஞ்சம். நகரத்தில் சம்பள வேலையில் இருந்தவர்களுக்குத் தானியம் கிடைக்க வழி இருந்தது, அந்தச் சம்பளக்காரனின் மனைவிக்கும் ஓரளவு கிடைத்தது. தென்னாப்பிரிக்கா, ரொடீசியா என்று போய்த் திரும்பாதவனின் மனைவி, மணமுறிவு பெற்றவள், கிழவி, இவர்கள்தான் வீழ்ந்தார்கள். கல்யாணங்கள் அந்த ஆண்டில் ஏராளமாக முறிந்தன. விட்டுவிட்டு ஓடிய கணவர்களைத் திட்டிப் பெண்கள் உலக்கை போடும்போது பாடிய பாட்டுகளைப் பல பத்தாண்டுகள் கழித்தும் கிழவிகள் பாடிக் காட்டினார்கள்.

தென்னாப்பிரிக்கச் சுரங்கத்துக்கு ஆள் பிடித்த அமைப்பை ‘வெனேலா’ என்பார்கள். 1974-ல் சுரங்கத் தொழிலாளர் வந்த விமானம் விழுந்து பலர் இறந்த பிறகு அதிபர் பாண்டா ஆட்சேர்ப்பை நிறுத்தினார். போய்த் திரும்பாமலே தொலைந்தவனுக்கு அங்கே பேசும் சிச்சேவா மொழியில் தனிச் சொல்லே இருக்கிறது: ‘மச்சோனா’. ஒரு மொழிக்கு அப்படி ஒரு சொல் தேவைப்பட்டிருக்கிறது.

#18 – எண்கணிதம்

பழைய ஏடு ஐயா சொன்னதோடு அண்மையதையும் சேர்க்க வேண்டும். 2023 மார்ச்சில் ஃபிரெடி புயல். காணாமல் போனவர்களையும் சேர்த்தால் மலாவியில் மட்டும் ஆயிரம் பேருக்கு மேல் இழப்பு. அதே ஆண்டு நவம்பரில் நாட்டின் நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தார்கள், டாலரின் விலை 44 சதவீதம் ஏறியது, உரம் எட்டாத உயரத்துக்குப் போனது. 2024 மார்ச்சில் வறட்சி. 28 மாவட்டங்களில் 23-ல் பேரிடர் நிலை அறிவிப்பு. ஏறத்தாழ ஓராண்டுக்குள் வெள்ளம், பணம், வறட்சி மூன்றும்.

#19 – வானவில்

சோம்பாக்காரரே, அகோகோ என்ன ஆனார்? இருக்கிறாரா?

#20 – சோம்பாக்காரன்

நான் கிளம்பும்போது இருந்தார். மூத்த பேத்தியிடம் என் எண் இருக்கிறது, வருடத்துக்கு ஓரிரு முறை பேசுவாள். 2019-ல் தவறிவிட்டார் என்று அவள்தான் சொன்னாள். மார்ச் மாதம், கதிர் முற்றும் நேரம். குழி வெட்ட ஊரே வந்ததாம்.

நிலம் பேத்திக்கு வந்திருக்கிறது, அவர்கள் வழக்கப்படி. கணவன் ஊருக்குக் குடிவந்தான், ஒரு பிள்ளை, பிறகு மங்கோச்சி வழியாக ஜோகன்னஸ்பர்க் போனான். முதல் வருடம் பணம் வந்தது. இப்போது வருவதில்லை. “மச்சோனாவா?” என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

போன டிசம்பரில் பேசினாள். பள்ளி வாசலில் மண்டாசி விற்கிறாள், திண்ணை வங்கியில் மூன்று சாவியில் ஒன்று அவளிடம். பெட்டி பிரித்த காசில் அரை மூட்டை உரம் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாளாம். ஊர்த்தலைவர் கண்ணில் படக் கூடாது என்று மேலே பாட்டியின் சித்தெஞ்சேத் துணியைப் போட்டு மூடியிருக்கிறாளாம். அதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தாள். பிறகு, களையெடுக்க இரண்டு நாள் ஆள் வைக்கலாமா என்று பார்க்கிறேன், பக்கத்து வீட்டில் ஒரு விதவை இருக்கிறாள், கூப்பிட்டால் வருவாள் என்றாள்.

என்ன கூலி என்று கேட்டேன். ஒரு தட்டு மாவு என்றாள்.